குற்றவாளிக் கூண்டிலிருந்து சாப்பாட்டு மேசைக்கு

'அனரெக்ஸியா நெர்வோஸா' என்ற பெயரை 1870களில் லண்டனில் நிலைநாட்டிய வில்லியம் கல், சாப்பிட மறுக்கும் பெண்ணைக் கவனிக்க உறவினர்கள் லாயக்கற்றவர்கள் என்று கருதினார். பாரிஸில் ஷார்கோ பெற்றோரைப் பிரித்துவைப்பதையே வைத்தியமாக்கினார். 1970களில் பிலடெல்ஃபியாவில் சால்வடோர் மினுச்சின் குடும்பத்தைச் சிகிச்சை அறைக்குள் கூட்டிவந்தார். எதற்கு? நோயை வளர்க்கும் உறவுமுறை அங்கேதான் இருக்கிறது என்று காட்ட. அளவுமீறிய நெருக்கம், அதீதப் பாதுகாப்பு, இறுக்கம், சச்சரவைத் தவிர்த்தல் – இவை அத்தகைய குடும்பத்தின் லட்சணங்களாயின. வெளியே நிறுத்தினாலும் உள்ளே அழைத்தாலும் குடும்பம் குற்றவாளிதான்.

லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையிலிருந்து 1987இல் வெளியான ஆய்வு வேறொரு பாதையைத் திறந்தது. இளவயதில் நோய் தொடங்கி, மூன்றாண்டு கடக்காதவர்களுக்குக் குடும்ப சிகிச்சை கூடுதல் பலன் தந்தது. அதிலிருந்து கிளைத்த முறைக்கு 2001இல் கையேடு வந்தது. ஏன் வந்தது என்ற விசாரணை அதில் ஒதுக்கப்படுகிறது. முதல் கட்டத்தில் பெற்றோரே சாப்பிட வைக்க வேண்டும். எடை கூடியபின் அந்தப் பொறுப்பு மெல்லப் பிள்ளையிடமே திரும்பும். 2010இல் வெளியான ஓர் ஆய்வில், சிகிச்சை முடிந்து ஓராண்டு கழித்து முழுமையாக மீண்டவர்கள் இம்முறையில் 49%. தனிநபர் சிகிச்சையில் 23%.

சரி, குடும்பம் விடுதலையாகிவிட்டதா? 1978 நூலில் நோய்க்குறியாக எழுதப்பட்ட அதீதக் கவனிப்பு, 2001 கையேட்டில் மருந்துச்சீட்டாகிறது. ஒவ்வொரு கவளத்தையும் பார்த்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பது யார்? 'பெற்றோர்' என்ற பொதுச்சொல் இதைச் சொல்லாது. வேலைக்கு லீவு போட்டுவிட்டு உட்காருவது பெரும்பாலும் அம்மாதான்.

இதைக் கண்காணிப்பு என்று மட்டும் படித்து, பட்டினியை எதிர்ப்பின் மொழியாகக் கொண்டாடுவது நமக்குச் சுலபம். இதயத் துடிப்பு தளர்ந்து கிடக்கிற பதினைந்து வயதுக்காரிக்கு அந்த வாசிப்பு சோறு போடாது. உயிரைக் காக்கும் முறையை நிராகரிக்க நமக்கு உரிமையில்லை.

ஆனால் அந்த 49 சதத்துக்கு வெளியே நிற்கும் பாதியைப் பற்றியும் பேசியாக வேண்டும். அங்கே குற்றச்சாட்டு வேடம் மாறித் திரும்புகிறது. முன்பு 'உன்னால்தான் வந்தது' என்றார்கள். இப்போது 'உன்னால் தீர்க்க முடியலையே' என்கிறார்கள். இரண்டாவதை யாரும் வாய்விட்டுச் சொல்வதுகூட இல்லை. அம்மாக்கள் தங்களுக்குத் தாங்களே சொல்லிக்கொள்கிறார்கள். காரணத்திலிருந்து குடும்பத்தை விடுவித்த மருத்துவம், தோல்வியிலிருந்தும் அதை விடுவிக்க வேண்டும். அதுவரை தீர்ப்பு பாதிதான் எழுதப்பட்டிருக்கிறது.