தாயத்துக்குள் ஸ்டெம் செல்லா?

ஜவ்வாது மலையிலுள்ள காவலூருக்கு மாணவர்களை அழைத்துச் சென்றிருந்தேன். 2.34 மீட்டர் விட்டமுள்ள ஆடியைக் கொண்ட பெரிய தொலைநோக்கி 1986-இல் அங்கே நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டதை நீங்கள் அறிவீர்கள். மலைப்பாதையில் ஒரு தேநீர்க் கடையில் நின்றோம். அங்கே ஒரு மூதாட்டியின் இடுப்பில் குழந்தை; குழந்தையின் அரைஞாணில் ஒரு தாயத்து.

"இது எதற்குப் பாட்டி?" என்று கேட்டேன்.

"ராவுல பயந்து அலறுது சாமி. பயம் போவட்டும்னு கட்டுனோம். உள்ள இதோட தொப்புள்கொடிதான் இருக்கு."

உடனே மாணவர் ஒருவர் குறுக்கிட்டார்: "சார், இது விஞ்ஞானம்! தொப்புள்கொடியில் ஸ்டெம் செல் இருக்கிறது. பின்னால் நோய் வந்தால் உதவும் என்றுதான் முன்னோர் அடைத்து வைத்தார்கள்."

இக்கூற்றை நீங்களும் கேட்டிருக்கலாம். சற்று ஆராய்வோம்.

தொப்புள்கொடி இரத்தத்தில் ஸ்டெம் செல் எனப்படும் குருத்தணுக்கள் இருப்பது உண்மையே. 1988-இல் பாரிசில், பிறவியிலேயே இரத்தநோய் கொண்ட சிறுவன் ஒருவனுக்கு அவ்விரத்தம் முதன்முதலாகச் செலுத்தப்பட்டது. அது அவனுடைய கொடியின் இரத்தமன்று. புதிதாய்ப் பிறந்த தங்கையினுடையது! பிறவிக் குறை சொந்தக் குருத்தணுக்களிலும் இருக்குமல்லவா?

அதைச் சேமிக்கும் முறை என்ன? பிறந்தவுடன் கொடியிலிருந்து இரத்தத்தை எடுத்து, உறைவினால் அணுக்கள் சிதையாதிருக்க ஒரு பொருளைச் சேர்த்து, திரவ நைட்ரஜனில் வைக்கிறார்கள். அதன் கொதிநிலை பூச்சியத்துக்குக் கீழே 196 டிகிரி செல்சியஸ். அக்குளிரில் உயிரணுவின் வேதிவினைகள் ஏறக்குறைய நின்றுவிடுகின்றன. ஆகவே அது கெடுவதில்லை.

தாயத்தில் இருப்பதோ, பிறந்து ஒன்றிரண்டு வாரங்களில் காய்ந்து உதிர்ந்த துண்டு. இரத்தவோட்டம் நின்றதுமே அதன் அணுக்கள் மடியத் தொடங்கிவிட்டன. உடல் சூட்டில், உலோகக் குப்பிக்குள் எஞ்சியிருப்பது வெறும் சருகுதான்.

பாட்டி விஞ்ஞானம் பேசவில்லை. குழந்தையின் பயம் தீரவேண்டும் என்றார், அவ்வளவே. குழந்தைக்குப் புலிப்பல் தாலி கட்டிய சங்ககாலத் தாயின் கவலையும் அதுதான். அந்தப் பாசத்தை நாம் மதிக்கலாம். ஆனால் மாணவர் அதை மருந்தாக்கிவிட்டார். "படித்த பிள்ளையே சொல்லுதே" என்று பாட்டி நம்பினால்? நாளை குழந்தைக்கு வலிப்புக் காய்ச்சல் வரும்போது, மலையிறங்கி மருத்துவமனைக்குப் போகவேண்டிய நேரம் தாயத்தின் நம்பிக்கையில் கழியும். படிக்காதவரின் நம்பிக்கையைவிடப் படித்தவரின் போலி விளக்கம் ஆபத்தானது.

வாசகர்களே, இனி யாரேனும் இதைச் சொன்னால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "எத்தனை டிகிரியில்?"