யமன் போரும் மத்ஹபு வாய்ப்பாடும்

யமன் போரைக் குறித்துத் தமிழ் முஸ்லிம் இதழ்களில் வெளிவந்த எழுத்துகளில் பல ஒரே வாய்ப்பாட்டை ஒப்பிக்கின்றன: ஒருபுறம் ஈரானின் ஷீஆக்கள், மறுபுறம் ஸவூதியின் ஸுன்னிகள், இடையே நூற்றாண்டுகளின் பகை. அரசுகள் அணிமாறும் வேகத்தைப் பார்த்தால் இவ்வாய்ப்பாடு நிற்குமா என்பதே நம் ஐயம்.

1962 செப்டம்பர் 26 அன்று அப்துல்லாஹ் அஸ்ஸல்லால் தலைமையில் இராணுவத்தினர் ஸன்ஆவில் இமாம் முஹம்மது அல்பத்ரின் ஆட்சியைக் கவிழ்த்துக் குடியரசை அறிவித்தனர். இமாம், ஷீஆப் பிரிவுகளுள் ஒன்றான ஸைதிகளின் தலைவர். மலைகளுக்குத் தப்பிச் சென்ற அவருக்குப் பணமும் ஆயுதமும் வழங்கியது யார்? ஸவூதி அரேபியா! ஜோர்தானும் ஈரானின் ஷாவும் துணைநின்றனர். குடியரசைக் காக்க எகிப்தின் ஜமால் அப்துல் நாஸர் அனுப்பிய படையோ உச்சகட்டத்தில் ஏறத்தாழ 70,000 பேரைக் கொண்டிருந்தது. ஸைதி இமாமுக்காக ஒரு ஸுன்னி அரசு மற்றொரு ஸுன்னி அரசை எதிர்த்து நின்றது. மன்னராட்சியா, குடியரசா என்பதே அன்றைய வழக்கு. நாஸரிய அலை தன் அரண்மனை வாயிலைத் தொட்டுவிடுமோ என்னும் அச்சமே ரியாதை இயக்கியது. 1967 ஜூன் தோல்விக்குப் பின் கார்த்தூமில் நாஸரும் மன்னர் ஃபைஸலும் உடன்பாடு கண்டனர். எகிப்தியப் படை வெளியேறியது. 1970இல், தான் எதிர்த்த அதே குடியரசை ஸவூதி அங்கீகரித்தது.

2015 மார்ச்சில் அதே மலைநாட்டு ஸைதிகளிடையே எழுந்த ஹூதிகள்மீது ஸவூதி விமானங்கள் குண்டு பொழிந்தபோது, எகிப்து ஸவூதியின் அணியில் இருந்தது. அலீ அப்துல்லாஹ் ஸாலிஹை என்ன செய்வது? பிறப்பால் ஸைதியான அவர், 2004 முதல் 2010 வரை ஹூதிகளோடு ஆறு போர்கள் நடத்தினார். 2014இல் அவர்களோடே கைகோத்தார். 2017 டிசம்பரில் பிரிந்த சில நாள்களில் அவர்களாலேயே கொல்லப்பட்டார். 2019 ஆகஸ்டில் ஏடனில் மோதிக்கொண்ட இரு தரப்பும் ஸுன்னிகளே. ஒன்றுக்கு அமீரகமும் மற்றதற்கு ஸவூதியும் புரவலர்கள்.

சமயத்திற்குப் பங்கே இல்லை என்பது நம் வாதமன்று. 2014இல் ஹூதிகள் தம்மாஜின் ஸலஃபி கல்விக்கூடத்தாரை வெளியேற்றியதையும், ஈரானின் ஆயுத உதவியையும் மறைக்க முடியாது. ஆயினும் படை எப்போது புறப்படும், எப்போது திரும்பும் என்பதை அகீதா நூல்கள் தீர்மானிக்கவில்லை. ஸைதிச் சூழலில் வளர்ந்து, ஸைதி இமாம்களின் தலைமை காழியாக விளங்கிய ஷவ்கானியின் 'நைலுல் அவ்தார்' நூலை ஸுன்னி ஆலிம்கள் இன்றும் புரட்டுகிறார்கள். வாய்ப்பாட்டை எழுதுவோரின் அலமாரியிலும் அது இருக்கக்கூடும்.

ஹுதைதா துறைமுகம் அமைந்துள்ள திஹாமா கரையோர மக்கள், நம் காயல்பட்டினத்தாரையும் கீழக்கரையாரையும் போல, பெரும்பாலும் ஷாஃபிஈகள். 2017 நவம்பரில் ரியாதை நோக்கி ஹூதிகள் ஏவுகணை எய்ததும், கூட்டுப்படை யமனின் துறைமுகங்கள் அனைத்தையும் மூடியது. ஹூதிகளின் பிடியிலிருந்த ஹுதைதாவுக்கு வரவேண்டிய கோதுமையும் மருந்தும் கடலில் காத்து நின்றன.