பறக்காத பொம்மை

1995 நவம்பரில் வெளிவந்த ‘டாய் ஸ்டோரி’யை இன்று மறுபடி பார்த்தால் அதில் வரும் மனிதர்கள்தான் உறுத்துகிறார்கள். சிறுவன் ஆண்டியின் கன்னம் மெழுகு பூசியதுபோல் மின்னுகிறது. அன்றைய கணினிக்குத் தோலும் முடியும் அவ்வளவாக வசப்படவில்லை, பிளாஸ்டிக் வசப்பட்டது. இயக்குநர் ஜான் லாசெட்டரும் பிக்சார் குழுவினரும் பொம்மைகளையே நாயகர்களாக்கினார்கள். கையிருப்பை அறிந்து கதை தேர்ந்த அந்தத் தெளிவை எத்தனை பாராட்டினாலும் தகும்.

முழுக்கக் கணினியில் உருவான முதல் முழுநீளப் படம் இது. 81 நிமிடம், நொடிக்கு 24 சட்டகம். பச்சைச் சிப்பாய்ப் பொம்மைகளின் நடையைக் கவனியுங்கள். இரு பாதமும் ஒரே தட்டில் ஒட்டியிருக்க, தத்தித் தத்திப் போகும். அதைப் பிடிக்க, கலைஞர்கள் பலகையில் காலணிகளை ஆணியடித்து மாட்டிக்கொண்டு தாங்களே நடந்து பார்த்தார்கள். கணினிக்கு முன்னால் உடம்பு கற்றுக்கொண்ட நடை அது.

என் மனம் நின்றுவிடுவது வேறோர் இடத்தில். தன்னை அசல் விண்வெளி வீரன் என்று நம்பிய பஸ் லைட்இயர், தொலைக்காட்சி விளம்பரத்தில் தன்னையே பார்க்கிறான். பறக்காத பொம்மை என்று அதில் வருகிறது. அப்படியும் மாடிப்படிக் கைப்பிடிமேல் ஏறி, ஜன்னலில் தெரியும் வானத்தை நோக்கிப் பாய்கிறான். ஒரு கணம் பறப்பதுபோலவே இருக்கிறது. அப்புறம் தரை. கழன்ற கை தனியே கிடக்கிறது. அழத் தெரியாத அந்த பிளாஸ்டிக் முகத்தைப் பார்த்து, ஒவ்வொரு முறையும் நான்தான் அழுகிறேன்.