தோளில் வைத்த கை

ரயில் நிலையத்துச் சிற்றுண்டிச்சாலை. ஒரு மேசையில் ஆணும் பெண்ணுமாக இருவர். ஓயாமல் பேசும் அறிமுகக்காரி ஒருத்தி வந்து நடுவில் உட்கார்ந்துகொள்கிறாள். அவனுடைய ரயில் வந்துவிடுகிறது. எழுந்தவன் அந்தப் பெண்ணின் தோளை ஒரு கணம் அழுத்திவிட்டுப் போய்விடுகிறான். டேவிட் லீனின் 'பிரீஃப் என்கவுன்டர்' (1945) ஏறக்குறைய இப்படித்தான் தொடங்குகிறது. இறுதியில் இதே காட்சி மறுபடி வருகிறது. இருவரும் வேறு வேறு குடும்பங்களுக்குக் கட்டுப்பட்டவர்கள், இனிச் சந்திக்கவே போவதில்லை என்பது இப்போது நமக்குத் தெரியும். அதே கை, அதே தோள்தான். ஆனால் இந்த முறை தொண்டை அடைத்துக்கொள்கிறது.

பிரிட்டிஷ் சினிமா என்றதும் ஜேம்ஸ் பாண்டும் அரண்மனைகளும் நினைவுக்கு வருவது இயல்பு. அதன் அசல் கைவண்ணம் வேறு: வாய் சொல்லத் தயங்குவதைக் கையிடம் ஒப்படைத்துவிடுவது.

காதல் கதைக்கு மட்டுமல்ல, துப்பறியும் கதைக்கும் இது பொருந்தும். கேரல் ரீடின் 'தி தேர்ட் மேன்' (1949) போரில் சிதைந்த வியன்னாவில் நடக்கிறது. கலப்படப் பென்சிலின் விற்றுக் குழந்தைகளைச் சீரழித்த ஹாரி லைம் பாதாளச் சாக்கடைக்குள் துரத்தப்படுகிறான். குண்டடிபட்டு ஏறிவரும் அவனுடைய விரல்கள் இரும்புக் கம்பிகளின் இடைவெளி வழியே தெருவுக்கு நீள்கின்றன. ஆளில்லாத தெரு. கொடியவனுக்காகவும் ஒரு நொடி மனம் பதைக்கிறது. அந்த விரல்கள் லைமாக நடித்த ஆர்சன் வெல்ஸுடையவை அல்ல, இயக்குநர் ரீடுடையவை!

கென் லோச்சின் 'கெஸ்' (1969) பார்ன்ஸ்லி என்ற சுரங்க ஊரில் எடுக்கப்பட்டது. பில்லி என்ற சிறுவன் தோலுறை மாட்டிய கையை நீட்ட, கெஸ்ட்ரல் என்னும் சிறு வல்லூறு பறந்துவந்து அமர்கிறது. அதே சிறுவனைத் தலைமையாசிரியர் உள்ளங்கையை நீட்டச் சொல்லிப் பிரம்பால் அடிக்கிறார். அந்த அடிகள் நிஜம். வரிசையில் நின்ற சின்னப் பையனின் கண்ணீரும் நிஜம். இன்று எந்த இயக்குநரும் அப்படிச் செய்யக் கூடாது. ஆனாலும் உழைக்கும் வர்க்கத்துப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் என்ன தந்தது என்பதை இதைவிடத் துல்லியமாகக் காட்டிய காட்சி அரிது.

'தி ரிமெய்ன்ஸ் ஆஃப் தி டே' (1993) படத்தில் ஆண்டனி ஹாப்கின்ஸ் ஒரு பட்லர். அவர் மார்போடு அணைத்திருக்கும் புத்தகத்திலிருந்து எம்மா தாம்ஸன் அவருடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்கிறார். மூச்சு படும் நெருக்கம். பட்லர் அசையாமல் நிற்கிறார். தவறவிட்ட ஒரு வாழ்க்கை முழுவதும் அந்த அசையாமையில் இருக்கிறது. இவ்வளவு ஆங்கிலத்தனமான படத்தின் இயக்குநர் ஜேம்ஸ் ஐவரி அமெரிக்கர், தயாரிப்பாளர்களில் ஒருவரான இஸ்மாயில் மெர்ச்சன்ட் மும்பைக்காரர், மூலநாவலை எழுதிய கசுவோ இஷிகுரோ நாகசாகியில் பிறந்தவர்.

லீனின் படத்துக்குச் சரியாக 70 ஆண்டுகள் கழித்து வந்தது ஆண்ட்ரூ ஹேயின் '45 இயர்ஸ்'. திருமண நாள் விருந்தில் வயதான தம்பதி ஆடுகிறார்கள். பாட்டு முடியும்போது கணவர் மனைவியின் கையைப் பிடித்து மேலே உயர்த்துகிறார். சார்லட் ராம்ப்ளிங் அதை வெடுக்கென்று கீழே இழுத்துக்கொள்கிறார். வசனம் கிடையாது. அவருக்கும் கணவராக நடித்த டாம் கோர்ட்னிக்கும் பெர்லின் திரைப்பட விழாவில் வெள்ளிக் கரடி விருது கிடைத்தது.