புதிய ஒலிக்கு ஒரு மாலை

செகந்திராபாத்தின் மாரெட்பள்ளியில் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்கின்றன. கச்சேரி கேட்டுப் பழகிய காதுகள் இங்கே ஏராளம். தியாகராஜ ஆராதனைக்குத் திரளும் இந்த ரசிகர்களுக்கு முன்னால், ராகமென்று பெயர் சொல்ல முடியாத இசையை ஒருவர் ஒரு மணி நேரம் வாசித்தால் எத்தனை பேர் எழுந்து போகாமல் இருப்பார்கள்? சோதனை முயற்சியில் இறங்கும் எந்த இசைக்கலைஞரையும் விடாத கேள்வி இது.

கர்நாடக இசை புதுமைக்கு எதிரி என்று சொல்லிவிட முடியாது. மேலைநாட்டு வயலினைப் பாலுசுவாமி தீட்சிதர் காலத்திலேயே ஏற்றுக்கொண்டது. 1980களில் சிறுவன் உ. ஸ்ரீனிவாஸ் மாண்டலினோடு மேடையேறினார். இரட்டைத் தந்திகள் கொண்ட அந்த வாத்தியத்தில் ஒலி சட்டென்று அடங்கிவிடும், கமகம் நிற்காது. அவர் ஐந்து ஒற்றைத் தந்திகளும் மின்னொலியும் கொண்ட மாண்டலினுக்கு மாறினார். ஸ்வரம் நீண்டு ஒலித்தது. வாத்தியம்தான் புதிது. வர்ணமும் கீர்த்தனையும் பழகியவை என்பதால் ரசிகர் தயங்கினாலும் தங்கினார்.

இந்தப் பிடிமானம் இல்லாதவர்களின் கதை வலிக்கிறது. 1969இல் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் அமெரிக்கர் டேவிட் டியூடர் மூக் சிந்தசைசருடன் ஓர் ஒலிக்கூடம் அமைத்துக் கொடுத்தார். அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜுக்கு இந்திய இசை கற்பித்த கீதா சாராபாய் உட்பட ஐந்து இந்தியர்கள் அங்கே மின்னணு இசை படைத்தார்கள். 1972 வரை பதிவான அந்த நாடாக்கள் நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்தில் கிடந்தன. இசைக்கலைஞர் பால் பர்கஸ் தேடியெடுத்த பின், 2023இல்தான் தொகுப்பாக வெளிவந்தன.

பம்பாய்த் திரையிசைக் கலைஞர் சரண்ஜித் சிங் 1982இல் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் இசைத்தட்டாக்கினார். அவர் பயன்படுத்திய ரோலண்ட் கருவியில் ஒரு ஸ்வரம் அடுத்ததற்குள் வழுக்கிச் செல்லும். ராகத்துக்கு அது வெகுவாகப் பொருந்தியது. தட்டு விற்கவில்லை. சில ஆண்டுகள் கழித்து அதே கருவியின் ஒலியில் சிகாகோவில் 'ஆசிட் ஹவுஸ்' என்ற நடன இசை பிறந்தது. 2010இல் நெதர்லாந்துக்காரர் ஒருவர் தட்டை மறுவெளியீடு செய்த பிறகே சிங்கின் இசையை உலகம் கேட்டது. 2015இல் அவர் காலமானார்.

குறை ரசிகரின் காதில் இருப்பதாக நான் நினைக்கவில்லை. ஒருமுறை கேட்டுப் பிடிபடாததை மறுமுறை கேட்க இடமில்லை என்பதே குறை. பெரிய அரங்கு நிறைய வேண்டும் என்ற கட்டாயம் இத்தகைய இசையை முளையிலேயே கருக்கிவிடுகிறது. இதற்கு வேண்டியது நாற்பது நாற்காலி போடக்கூடிய கூடம். ஹுசேன் சாகர் ஏரிக்கு அந்தப் பக்கம், பஞ்சாரா ஹில்ஸில் 2010 முதல் இயங்கும் லாமகான் அப்படியோர் இடம். ஒரு வீட்டின் முற்றத்தில் நாடகம், விவாதம், இசை எல்லாவற்றுக்கும் அங்கே மேடை உண்டு.

நம் பக்கத்துச் சபாக்களும் மாதத்தில் ஒரு மாலையைப் புதிய ஒலிக்கு ஒதுக்கட்டும். கலைஞர் வாசித்து முடித்ததும் என்ன செய்தார் என்று பேசவும் அரை மணி கொடுங்கள். முதல் மாலை பிடிக்காவிட்டாலும், ரசிகர்களே, அடுத்த மாதமும் தயவுசெய்து வாருங்கள்.