சயாம் இரயிலும் வகுப்பறையும்

மக்கட் பேரழிவுகளை மாணாக்கர்க்கு எவ்வாறு உணர்த்துவது என்பது இன்று ஒரு தனிக் கல்வித் துறையாகவே வளர்ந்துள்ளது. நாஜி ஆட்சியில் 60 இலட்சம் யூதர் கொல்லப்பட்ட கொடுமையைக் கற்பிப்பதற்கென்றே எருசலேமின் யாத் வஷேமும் வாசிங்டன் நினைவு அருங்காட்சியகமும் ஆசிரியர்களைப் பயிற்றுகின்றன. பிணக் குவியல்களின் படங்களைக் காட்டி அச்சுறுத்தலாகாது. எண்ணிக்கையினின்று தொடங்காமல் ஒரு மனிதனின் வாழ்விலிருந்து தொடங்குதல் வேண்டும். சிறுவரைக் காவலராகவும் கைதியராகவும் நடிக்கச் செய்தல் கூடாது. இவை அங்குப் பயின்று தெளிந்த நெறிகள்.

பேராக்கில் பணிபுரியும் தமிழாசிரியருக்கு இந்நெறிகள் அயலானவை அல்ல. ஈப்போவைச் சூழ்ந்திருந்த பால்மரத் தோட்டங்கள் பல இன்று செம்பனைக் காடுகளாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. ஆயினும் அந்த லயங்களில் வாழ்ந்தோரின் கொள்ளுப் பேரர்களே இன்று தமிழ்ப்பள்ளி வகுப்புகளில் அமர்ந்திருக்கின்றனர். 'சயாமுக்குப் போனவர்' என்ற ஒரு சொல்லோடு முடிந்துபோன பாட்டன்மார் கதை அவர்களுடைய குடும்பத்திலும் இருக்கக்கூடும்.

1942 முதல் 1943 வரை ஜப்பானியப் படை 415 கிலோமீட்டர் நீளத்திற்குச் சயாமிலிருந்து பர்மாவுக்கு இருப்புப் பாதை அமைத்தது. நேச நாட்டுப் போர்க் கைதிகளுள் 12,000-க்கு மேற்பட்டோர் மாண்டனர். ஆசியத் தொழிலாளர் மாண்ட தொகை ஏறத்தாழ 90,000 எனக் கணிக்கப்படுகிறது. மலாயாவிலிருந்து சென்ற 70,000-க்கு மேற்பட்டோரில் பெரும்பாலோர் தோட்டத் தமிழர். மூன்று மாத வேலை, நாளொன்றுக்கு ஒரு வெள்ளி என ஆசை காட்டப்பட்டோர் சிலர்; பின்னர் வளைத்துப் பிடிக்கப்பட்டோர் பலர். கைதிகளுக்கு அதிகாரிகளும் மருத்துவர்களும் இருந்தனர். பெயர்ப் பட்டியல் காக்கப்பட்டது. காஞ்சனபுரியில் ஏறத்தாழ 7,000 கல்லறைகள் அவர்களுக்கு உண்டு. வாந்திபேதியில் வீழ்ந்த தமிழனுக்கோ பட்டியலும் இல்லை, கல்லும் இல்லை. பெரட்டுக் களத்தில் நாள்தோறும் பெயர் கூப்பிடப்பட்டு நின்ற மக்கள், இறந்தபோது பெயரற்றுப் போயினர் என்பதே இவ்வரலாற்றின் கூர்மையான முள்.

இதனைக் கற்பிக்கக் கைக்கு எளிதில் எட்டுவது 1957-இல் வெளிவந்த 'குவாய் ஆற்றுப் பாலம்' திரைப்படமே. கலைத்திறத்தில் குறையில்லை, பாடப்பொருளாக அது பெருந்தீங்கு. பாதையை அமைத்தவர் வெள்ளைக் கைதியரே என்னும் எண்ணத்தை அது ஊன்றிவிடுகிறது. படத்தில் பாலத்தை வெடி வைத்துத் தகர்க்கின்றனர்; மெய்யான பாலத்தைத் தாக்கியவை விமானக் குண்டுகள். படத்தின் புகழால் அவ்வாற்றுப் பகுதிக்கே 1960-களில் பெயர் மாற்ற நேர்ந்தது. படம் எடுக்கப்பட்டது இலங்கையின் கித்துல்கலையில்! இவ்வளவும் சொல்லிக் காட்டுவதானால் படம் பயன்படும். சும்மா ஓட்டிவிட்டால் பயன்படாது.

ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச்சின்னம்' ஆகிய நாவல்கள் அந்த வெற்றிடத்தைத் தமிழில் நிரப்ப முனைந்தவை. ஆவணம் பேசாத இடத்தில் கதை பேசுகிறது. எனினும் கதை கதையே. இப்பகுதி சான்றுடையது, இப்பகுதி ஆசிரியரின் புனைவு எனப் பிரித்துக் காட்டும் திறன் தமிழாசிரியர்க்கு வேண்டும். இலக்கிய நயம் பாராட்டுவதோடு நின்றுவிடும் பழக்கம் இங்கே போதாது. பேராக்கிற்கே உரிய மற்றொரு நூல் சிபில் கார்த்திகேசு ஆங்கிலத்தில் எழுதி 1954-இல் வெளிவந்த தன்வரலாறு. பாப்பானில் போராளிகளுக்கு மருத்துவம் செய்து, 1943-இல் பிடிபட்டு, கெம்பித்தாயின் வதைக்கு ஆளான அம்மையார் அவர். ஒரு பெயர், ஒரு தெரு, ஒரு வீடு என்று தொடங்குவதற்கு இதனினும் ஏற்றது அரிது.

இனி, சொல்லைப் பற்றிய சிக்கல். சயாம் இரயிலைத் 'தமிழின அழிப்பு' என்று அழைக்கும் வழக்கு உண்டு. ஓர் இனத்தை அவ்வினம் என்பதற்காகவே அழிக்கும் நோக்கத்தை 1948-ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கை இனப்படுகொலைக்கு இலக்கணமாக வகுத்தது. யூதரை நாஜிகள் ஏற்றிய சரக்கு வண்டி கொலைக்கூடத்தை நோக்கிச் சென்றது. தமிழரை ஏற்றிய சரக்கு வண்டி வேலைக் காட்டை நோக்கிச் சென்றது. அவர் செத்தாலும் கேட்பாரில்லை என்பதே அங்கிருந்த கொடுமை. பர்மியரும் சாவகரும் மலாய்க்காரரும் அதே பாதையில் மாண்டனர். வண்டிகள் ஒத்திருப்பதால் குற்றங்கள் ஒன்றாகிவிடா. கட்டாய உழைப்பு, போர்க் குற்றம் என்று சரியாகப் பெயரிடுவதால் மாண்டவர் சிறுமைப்படுவதில்லை. மாறாக, மிகைச்சொல் ஒன்றைப் பிடித்துக்கொண்ட மாணவன், பின்னர் அதனை மறுப்பாரைக் கண்டால் உண்மையையும் சேர்த்தே இழப்பான்.

இதைவிடக் கடினமானது ஒன்றுண்டு. பாதையின் இருமுனையும் இணைந்தது 1943 அக்டோபர் 17. சிங்கப்பூரில் நேதாஜி சுதந்திர இந்திய அரசை அறிவித்தது அக்டோபர் 21. தோட்டத் தமிழரில் ஒரு சாரார் ஜப்பானியரால் மாண்டனர். மற்றொரு சாரார் ஜப்பானியர் துணையோடு இந்திய தேசியப் படையில் சேர்ந்தனர். பாடம் நடத்துவோர் பலர் இரண்டில் ஒன்றைப் பெருமையாகச் சொல்லி மற்றதை ஒதுக்குகின்றனர். இரண்டையும் ஒரே மணி நேரத்தில் முகங்கொடுத்துச் சொல்லப் பழக்காத பயிற்சி அரைப்பயிற்சியே.

காஞ்சனபுரியில் ஜப்பானியப் படையே 1944-இல் எழுப்பிய நினைவுத் தூண் ஒன்று நிற்கிறது. அதில் தமிழ் எழுத்தும் உண்டு. கொடுமை புரிந்தவரே அத்தூணை ஏன் எழுப்பினர், யார் படிக்க அதைத் தமிழில் பொறித்தனர், மாண்டவருள் ஒருவர் பெயரும் ஏன் அதில் இல்லை? அத்தூணின் படமும் இக்கேள்விகளும் இருந்தால் ஆறாம் ஆண்டு வகுப்பில் ஒரு பாடவேளை முழுதும் நடத்தலாம்.