மருவும் தொப்பியும்

பழைய தமிழ்ப் படங்களில் கதாநாயகன் கன்னத்தில் ஒரு மருவை ஒட்டிக்கொண்டு, தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு வில்லனின் வீட்டுக்குள்ளேயே நுழைந்துவிடுவார். வில்லனுக்கு ஆள் தெரியாது. தரை டிக்கெட்டில் உட்கார்ந்திருக்கும் சிறுவனுக்குத் தெரியும். கூகுளின் குரோம் உலாவியில் ‘இன்காக்னிட்டோ’ சாளரத்தைத் திறந்தால் அதே தொப்பியும் கண்ணாடியும் திரையில் வந்து நிற்கின்றன. தமிழ்க் குரோமில் இதன் பெயர் ‘மறைநிலை’. அழகான பெயர்தான். யாரிடமிருந்து மறைகிறோம் என்பதை மட்டும் அது சொல்வதில்லை.

அது செய்கிற நல்ல காரியத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். பிரவுசிங் சென்டர்கள் தெருவுக்கு இரண்டு இருந்த காலத்தில், பிளைவுட் தடுப்புக்குள் உட்கார்ந்து முகவரிப் பட்டையில் ஓர் எழுத்தைத் தட்டினால் போதும். நமக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் போய்வந்த தளங்களெல்லாம் வரிசையாக வந்து விழும். யாரோ ஒருவரின் மின்னஞ்சல் திறந்தபடியே கிடக்கும். நல்ல மனது இருந்தால் ‘லாக் அவுட்’ செய்துவிட்டு நம் வேலையைப் பார்ப்போம். 2005இல் ஆப்பிள் தன் சஃபாரி உலாவியில் கொண்டுவந்த தனிச்சாளரம் இந்தச் சங்கடத்துக்குத்தான் மருந்து. 2008இல் குரோம் பிறக்கும்போதே இந்த வசதியோடு பிறந்தது. சாளரத்தை மூடினால் போன தடம் அந்தக் கணினியில் இருக்காது. ஒரே கருவியைப் பலர் பங்கிடும் இடத்தில் இது சின்ன விஷயமில்லை. இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசப் பெண்கள் கைப்பேசியைப் பயன்படுத்தும் விதம் பற்றி 2018இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. கணவர், பிள்ளைகள், மாமியார் என்று பலர் கைக்கும் போகும் போனில் அந்தப் பெண்கள் தமக்கென்று ஓர் இடத்தை எப்படியெல்லாம் ஒதுக்கிக்கொள்கிறார்கள் என்று அது விரிவாகச் சொல்கிறது. செயலிகளுக்குப் பூட்டுப் போடுவது, பார்த்ததை அழிப்பது ஆகியவற்றோடு இந்த மறைநிலையும் அதில் வருகிறது. ஆய்வை நடத்தியவர்களில் கூகுளின் ஆய்வாளர்களும் உண்டு.

ஆக, வீட்டாரிடமிருந்து மறைக்க இது உதவும். தெருவிடமிருந்து?

ஒரு செய்தித்தளத்தையோ மருத்துவத் தளத்தையோ திறக்கும்போது அந்தத் தளத்தோடு மட்டும் நாம் பேசுவதில்லை. பக்கத்துக்குள் வேறு நிறுவனங்களின் நிரல்துண்டுகள் பொதிந்திருக்கின்றன. எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணித்தர கூகுள் அனலிடிக்ஸ், விளம்பரம் காட்ட இன்னொன்று. பக்கம் திறக்கும்போதே, எந்தப் பக்கம், எந்த ஐபி முகவரி, எந்த உலாவி என்கிற விவரங்கள் அந்நிறுவனங்களின் சர்வர்களுக்குப் போய்விடும். சாதாரணச் சாளரமா, மறைநிலையா என்று பார்த்து அந்த நிரல் வாயை மூடிக்கொள்வதில்லை. மறைநிலையில் பழைய குக்கிகள், அதாவது தளங்கள் நம் உலாவியில் விட்டுவைக்கும் அடையாளச் சீட்டுகள், இருக்காது என்பது உண்மை. ஆனால் நம் கணினியில் எழுதாமல் விடுவது வேறு. எதிர்முனையில் எழுதாமல் இருப்பது வேறு.

இதை எதிர்த்துத்தான் 2020 ஜூனில் கலிஃபோர்னியாவில் ‘பிரவுன் எதிர் கூகுள்’ வழக்குத் தொடரப்பட்டது. கேட்ட இழப்பீடு குறைந்தது 500 கோடி டாலர். விசாரணையில் வெளிவந்த ஒரு தகவல்தான் என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது. கூகுளின் உள்பதிவேடுகளில், வருகிற போக்குவரத்து அநேகமாக மறைநிலையிலிருந்து வருகிறது என்று குறித்துவைக்கும் புலங்களே இருந்திருக்கின்றன. மரு ஒட்டியவர் உள்ளே வந்தால், ‘மரு ஒட்டியவர் வந்தார்’ என்று வாயிற்காவலர் நோட்டில் எழுதிக்கொண்ட கதை இது. 2024 ஏப்ரலில் சமரசம் நீதிமன்றத்தில் தாக்கலானது. நூற்றுக்கணக்கான கோடிப் பதிவுகளை அழிக்கவும், மறைநிலையில் பிற நிறுவனங்கள் வைக்கும் மூன்றாம் தரப்புக் குக்கிகளை ஐந்தாண்டுகளுக்கு இயல்பாகவே தடுக்கவும், அறிவிப்பு வாசகத்தைத் திருத்தவும் கூகுள் ஒப்புக்கொண்டது. தவறு செய்ததாக ஒப்புக்கொள்ளவில்லை. பயனர்களுக்கு அந்தச் சமரசத்தில் ஒரு காசும் கிடையாது. வேண்டுமானால் தனித்தனியே வழக்குப் போட்டுக்கொள்ளலாம்.

கூகுளின் தரப்பிலும் ஒரு நியாயம் உண்டு. நீங்கள் போகும் தளங்கள், உங்கள் அலுவலகம், இணைய இணைப்புத் தருபவர் ஆகியோர் உங்களைப் பார்க்கக்கூடும் என்று அந்தத் தொடக்கப் பக்கம் ஆரம்பத்திலிருந்தே சொல்லிவந்தது. விட்டுப்போனது ஒரே ஒரு பெயர், அதன் சொந்தப் பெயர். 2024இல் திருத்திய வாசகத்தில்தான் கூகுளும் அந்தப் பட்டியலில் வந்து சேர்ந்தது. அது போகட்டும், எச்சரிக்கையைப் படித்தாலும் ஜனங்கள் அதைப் பெரிதாக நம்புவதில்லை. 2018இல் சிகாகோ பல்கலைக்கழகமும் ஹனோவரின் லைப்னிட்ஸ் பல்கலைக்கழகமும் சேர்ந்து 460 பேரிடம் பல உலாவிகளின் விளக்கங்களைக் காட்டிக் கேள்வி கேட்டன. கூகுள் கணக்கில் உள்நுழைந்த பிறகும் மறைநிலையில் தேடியது பதிவாகாது என்று பாதிக்கும் மேற்பட்டோர் நினைத்தார்கள். பொடி எழுத்து என்ன சொன்னாலும் தொப்பியும் கண்ணாடியும்தான் மனதில் நிற்கின்றன.

இதில் விளக்கக் கோளாறைவிட ஆழமான ஒரு கோளாறு இருக்கிறது. கூகுளின் தாய் நிறுவனமான ஆல்ஃபபெட்டின் வருமானத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு விளம்பரத்திலிருந்து வருகிறது. ஆளைப் பார்த்து விளம்பரம் விற்பவரே திரைச்சீலையும் தைத்துத் தருகிறார். துணி மெலிதாகத்தான் இருக்கும்.

குக்கியின் கதையிலேயே இந்தச் சிக்கல் தெரியும். 1994இல் நெட்ஸ்கேப்பில் லூ மாண்டுலி அதை உருவாக்கியபோது, ஒரு தளம் வைத்த குக்கியை அந்தத் தளம் மட்டுமே படிக்கலாம் என்றுதான் வகுத்தார். ஆட்கள் பின்தொடரப்படக் கூடாது என்பதே நோக்கம். ஆனால் ஆயிரம் தளங்களில் ஒரே விளம்பர நிறுவனத்தின் படம் இருந்தால், அந்த நிறுவனம் ஆயிரம் இடங்களிலும் தன் குக்கியைத் தானே படித்துக்கொள்ளும். சட்டம் மீறப்படவில்லை, சந்து கண்டுபிடிக்கப்பட்டது. இதை சஃபாரி 2020 மார்ச்சில் முழுதாக அடைத்தது. ஃபயர்பாக்ஸ் 2022இல் ஒவ்வொரு தளத்தின் குக்கிக்கும் தனித்தனி ஜாடி கொடுத்துப் பிரித்துவைத்தது. குரோமும் 2020 ஜனவரியில், இரண்டே ஆண்டுகளில் ஒழிக்கிறேன் என்றது. பிறகு தள்ளிப்போட்டது, மறுபடியும் தள்ளிப்போட்டது. 2024 ஜூலையில் திட்டத்தையே கைவிட்டது. 2025இல் பயனரிடம் தனியாகக் கேட்கப்போவதும் இல்லை என்று முடித்துக்கொண்டது.

இதைக் கூகுளின் பேராசை என்று மட்டும் சொல்லித் தப்பிக்க முடியாது. இந்தக் குக்கி ஒழிந்தால் சின்ன விளம்பர நிறுவனங்கள்தான் கண் தெரியாமல் போகும். தேடல், யூடியூப், ஜிமெயில் என்று கோடிக்கணக்கானோரின் கணக்குகளைக் கையில் வைத்திருக்கும் கூகுளுக்கு ஒன்றும் குறையாது. பிரிட்டனின் போட்டி ஆணையமான சிஎம்ஏ இந்தக் கவலையோடுதான் 2021இல் விசாரணையில் இறங்கியது. தனியுரிமையைக் காக்கப் போனால் ஏகபோகம் வளரும். ஏகபோகத்தைத் தடுக்கப் போனால் உளவு தொடரும். மாற்று உலாவிகளும் முற்றும் துறந்த முனிவர்கள் அல்லர். ஃபயர்பாக்ஸை நடத்தும் மொஸில்லாவின் வருமானத்தில் பெரும்பங்கு கூகுளிடமிருந்தே வருகிறது. கூகுளைத் தன் உலாவியில் இயல்பான தேடுபொறியாக வைத்திருக்க 2022இல் மட்டும் ஆப்பிள் வாங்கியது 2,000 கோடி டாலர். தனியுரிமையையே விற்பனைச் சரக்காக வைத்திருக்கும் பிரேவ் உலாவி, 2020இல் பயனர் தட்டிய முகவரியில் தன் கமிஷன் குறியீட்டைச் சேர்த்து மாட்டிக்கொண்டு மன்னிப்புக் கேட்டது.

குக்கியை அடைத்தாலும் ஆள் தெரியும் என்பது இன்னொரு பக்கம். அஞ்ஞாதவாசத்தில் பாண்டவர்கள் பெயரையும் வேடத்தையும் மாற்றிக்கொண்டார்கள். ஆனால் கீசகன் செத்த விதத்தைக் கேட்டதும் இது பீமன் கைதான் என்று துரியோதனன் ஊகித்ததாகக் கதை சொல்வார்கள். உலாவிக்கும் அப்படி ஒரு கைவரிசை உண்டு. திரையின் அளவு, எழுத்துருக்கள், நேர மண்டலம், மொழி எல்லாம் சேர்ந்தால் அந்தக் கருவிக்கே உரிய ரேகை கிடைக்கும். 2010இல் எலெக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் சோதித்த ஏறத்தாழ 4,70,000 உலாவிகளில் 83.6 சதவீதம், அந்தக் கூட்டத்தில் வேறெதனோடும் ஒத்துப்போகாமல் தனித்து நின்றன. தமிழ் எழுத்துருக்களைக் கூடுதலாக நிறுவி வைத்திருப்பவர் கூட்டத்திலிருந்து இன்னும் கொஞ்சம் விலகித் தெரிவார் என்பது எனக்குச் சங்கடமான உண்மை. எல்லோரையும் ஒரே மாதிரி காட்ட முயலும் டோர் உலாவி இதற்கு மேலான தீர்வு. அதன் வேகத்துக்குப் பொறுமை வேண்டும்.

சட்டம் பற்றிச் சுருக்கமாக. ஐரோப்பாவில் சம்மதம் கேட்கச் சொன்னார்கள். நிறுவனங்கள் ஏற்பதற்கு ஒரு சொடுக்கும் மறுப்பதற்குப் பல சொடுக்கும் வைத்தன. அதற்காகப் பிரான்ஸின் தரவு ஆணையம் 2022 ஜனவரியில் கூகுளுக்கு 15 கோடி யூரோ, ஃபேஸ்புக்குக்கு 6 கோடி யூரோ அபராதம் அறிவித்தது. நம் 2023ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதத்தைத் திரும்பப் பெறுவதும் கொடுத்த அளவுக்கே எளிதாக இருக்க வேண்டும் என்கிறது. சம்மதம் கேட்கும் அறிவிப்பைத் தமிழிலும் கேட்டுப் பெற அது வழி செய்கிறது. விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன.

மறுபடியும் அந்தப் பங்கிட்ட போனுக்கு வருகிறேன். யாருக்கும் தெரியாமல் ஒரு மருத்துவச் சந்தேகத்தைத் தேட ஒரு பெண் அதில் மறைநிலையைத் திறக்கிறார். ஏதோ ஒரு வீடியோவுக்காக அதற்குள்ளேயே வீட்டின் பொதுக் கூகுள் கணக்கில் நுழைந்துவிடுகிறார். அதன் பிறகு தேடியதெல்லாம் கணக்கின் பதிவில் சேர்கிறது. போனில் தடம் இல்லை. ஆனால் அதே கணக்கு கூடத்து டிவியின் யூடியூபிலும் இருக்கிறது. கணக்கில் நுழையாவிட்டாலும், ஒரே வைஃபையில் இருக்கும் கருவிகளை ஐபி முகவரியை வைத்து ஒரே குடும்பமாகக் கருதி விளம்பரம் விற்கும் வழக்கம் அந்தத் தொழிலில் உண்டு. எந்த வீட்டாரிடமிருந்து மறைக்கப் பார்த்தாரோ அவர்கள் சாப்பாட்டுத் தட்டோடு டிவி முன்னால் உட்கார்ந்திருக்கும்போது, அவர் தேடிய நோய்க்கான வீடியோ பரிந்துரை வரிசையில் முதலாவதாக வந்து நிற்கலாம்.